கொப்புளம் வந்தால் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? உங்கள் அனுபவங்கள்

சாய டப்பா:
அப்பா பல வருடமாக மீசைக்கும் தலைக்கும் ஒரே சாயம்தான் போடுகிறார். போன தீபாவளிக்கு முன்னால் போட்டபோது அன்று ஒன்றுமில்லை. மறுநாள் சாயங்காலம் காது மடலில் அரிப்பு. விடிந்து பார்த்தால் மீசை ஓரம், காதுக்குப் பின்னால், பிடரியில் முடி முடிகிற கோடு வரைக்கும் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம். இமை இரண்டும் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. மண்டையில் மட்டும் அவ்வளவாக இல்லை, அதனால் சாயம் காரணமில்லை என்று ஒரே வாதம். "இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ணாதது இப்ப பண்ணுமா?"

பண்ணுமாம். சாயத்தில் இருக்கும் பாராஃபினைலின்டையமின் என்ற பொருள் பலருக்கு வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார் தோல் மருத்துவர். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பட்ட ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பும். மண்டைத்தோல் தடிமன், இமை மெலிசு, அதனால்தான் இமை முந்திக்கொள்கிறது. சந்தேகம் தீர முதுகில் கட்டம் கட்டமாக, ஒன்றில் சாயப் பொருளும் மற்றதில் வேறு பொருள்களும் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்தார்கள். சாயம் வைத்த கட்டத்தில் மட்டும் சிவந்து பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. அப்பா வாதத்தை நிறுத்திக்கொண்டார்.

கல்யாண வீட்டில் சீக்கிரம் கறுக்க வேண்டும் என்று வைக்கிற கறுப்பு மருதாணி கோனிலும் இதே பொருளைக் கலக்கிறார்கள். என் அக்கா மகள் கையில் கொப்புளமே கொடியும் மாங்காயுமாக, போட்ட டிசைன் மாறாமல் வந்தது!

பண்ருட்டிக்காரி:
எங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. தோட்டு எண்ணெய் பட்டால் கை வெந்துவிடும், அதனால் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டுதான் உட்காருவோம். எண்ணெய் சுட்ட புண் சீக்கிரமே எரியும், பட்ட இடத்தோடு நிற்கும். அலர்ஜி அப்படி இல்லை. ஒரு நாள் தள்ளி அரிப்போடு வரும், காய்த்துப்போன உள்ளங்கையை விட்டுவிட்டு, அந்தக் கையால் தொட்ட கழுத்திலும் முகத்திலும் போடும். கொப்புளத் தண்ணீர் பட்டுப் பரவுகிறது என்பார்கள். தண்ணீர் பரப்பாது தம்பி, நகக்கண்ணிலும் முந்தானையிலும் ஒட்டியிருக்கிற எண்ணெய்தான் பரப்பும். மாம்பாலும், சலவைக்காரர் துணியில் குறி போடுகிற சேங்கொட்டையும் இதே குடும்பம். காம்புப் பாலைக் கழுவாமல் மாங்காயைக் கடித்த பிள்ளைக்கு வாயைச் சுற்றிப் பொரிந்திருந்தால் எங்கள் ஊரில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

ராத்திரி ஷிப்ட்:
எனக்கு வந்தது அலர்ஜி மாதிரியே இருந்த வேறொன்று. மழைக்காலத்தில் காலையில் எழுந்தால் கழுத்தில் சாட்டையால் இழுத்த மாதிரி சிவப்புக் கோடு, அதன்மேல் கொப்புள வரிசை. அரிப்பை விட எரிச்சல்தான் அதிகம். முழங்கை மடிப்பில் மேலும் கீழும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு புண். ஆளாளுக்குக் கத்தரிக்காய், கருவாடு என்றார்கள். சாப்பாட்டு அலர்ஜி பெரும்பாலும் தடிப்பாக வந்து, ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். இப்படிக் கோடு போடாது. இது டியூப்லைட் வெளிச்சத்துக்கு வருகிற, ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு போலத் தெரியும் குட்டி வண்டின் வேலை. அது கடிப்பதில்லை. தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடம்பில் உள்ள பெடரின் என்ற விஷம் கசிகிறது. ஊதிவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மருந்துக்கடை அண்ணன்:
கவுண்டரில் தினம் பார்க்கிறேன். ஒரு பக்க விலாவில் மட்டும், முதலில் வலி, அப்புறம் கொத்தாகக் கொப்புளம் என்றால் அது அக்கி. குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து வைரஸ் மாத்திரை ஆரம்பிப்பது நல்லது. ஒரே மாத்திரை போடும்போதெல்லாம் உதட்டோரம் அதே இடத்தில் புண் வந்து கறுத்துப்போனால், அது மாத்திரை அலர்ஜி. புது மாத்திரை ஆரம்பித்த பிறகு வாய்க்குள்ளும் கண்ணிலும் புண், தோல் உரிகிறது, காய்ச்சல் என்றால் என்னிடம் களிம்பு கேட்டு வராதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.