சொந்த வெயில், சொந்தக் காற்று: சின்ன வீட்டுக்கு மின்சாரம் – உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மேட்டுப்பாளையத்தான்:

சொந்தமாகக் காற்றாலை வாங்கிய ஓடந்துறை ஊராட்சியைப் பற்றி அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் என்ற முறையில் நானே தொடங்கி வைக்கிறேன். குறைந்த செலவில் வீடு கட்டியவர்கள், கையால் காற்றாடி செய்தவர்கள், பேனல் மாட்டியவர்கள் எல்லோரும் கீழே எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், நேரில் பார்த்ததும் செய்ததும் போதும்.

ஓடந்துறைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "காற்றாலை எங்கே?" என்றுதான். ஊரில் காற்றாலை கிடையாது. அது உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அங்கேதான் தாராளம். நீலகிரி அடிவாரத்தில் அந்த வேகம் கிடைக்காது. 2006-ல் ஊராட்சி தன் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஊரின் தேவைக்கு மேலேயே மின்சாரம் வந்தது. உபரியை மின்வாரியத்துக்கு விற்ற வருமானத்தில் கடனும் அடைந்தது. 1996-ல் தலைவரான ஆர். சண்முகமும், அவருக்குப் பின் தலைவரான அவர் மனைவி லிங்கம்மாளும் செய்த வேலை இது.

அதே காலத்தில்தான் குடிசைகள் வீடுகளாயின. 2011-ல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது: 300 சதுர அடி வீடு, படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஐந்து இடத்தில் சோலார் விளக்கு. அப்படி ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில நிக்கிறது போச்சு சாமி, அது ஒண்ணே போதும்" என்றார். பேனல், பேட்டரி என்று நாம் பேசுவதெல்லாம் அவருக்கு அந்த வரிசையில் நிற்கிற நேரமாகத்தான் கணக்கில் வருகிறது.

நான் அங்கே கவனித்தது இதுதான். வெயில் எல்லார் கூரையிலும் ஒரே மாதிரி விழுகிறது, அதனால் பேனல் வீட்டுக்கு வீடு. காற்று சில இடத்தில்தான் வீசும், அதனால் காற்றாலை ஊருக்குப் பொதுவாக, காற்றடிக்கிற இடத்தில். இந்தப் பாகுபாட்டை அந்த ஊராட்சி சரியாகப் பிடித்துக்கொண்டது.

நாகர்கோவில் கட்டடக்காரர்:

நல்ல தொடக்கம் அண்ணா. ஆனால் பேனலுக்குப் போவதற்கு முன்னால் சுவரைப் பற்றிப் பேச வேண்டும்.

திருவனந்தபுரத்தில், குறைந்த செலவுக் கட்டடங்களுக்குப் பெயர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பாணியில் வேலை பழகிய மேஸ்திரிகளோடு நான் இருந்திருக்கிறேன். எலிப்பொறிக் கட்டு என்று ஒன்று உண்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நீள விளிம்பில் நிறுத்திக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் நடுவில் வெற்றிடம் ஓடும். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம், சிமென்ட்டும் குறையும். அந்த வெற்றிடத்துக் காற்று வெளிச் சூட்டை உள்ளே விடாது. புதிதாகப் பழகும் கொத்தனார் முதலில் முகம் சுளிப்பார், கலவை உள்ளே விழாமல் கட்டக் கை பழக வேண்டும். இரண்டு சுவர் ஏறிய பிறகு வேகம் வந்துவிடும். மேலே பூசாமல் விட்டால் அழகும் தனி.

கூரையில் இன்னொரு வேலை. கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கிற கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துக் கம்பி கட்டி ஊற்றுவோம். செலவும் குறையும், பாரமும் குறையும், ஓட்டுக்குள் நிற்கிற காற்று வெயிலையும் தடுக்கும். ஆனால் கம்பி கணக்கைப் பொறியாளர் பார்க்காமல் இதைத் தொடக் கூடாது.

ஆரோவில் மண் கட்டடப் பயிற்சி மையத்தின் அழுத்தக் கற்களும் அப்படியே. கட்டுகிற இடத்து மண்ணோடு ஐந்து சதவீதம் அளவுக்குச் சிமென்ட் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்தால் கல் தயார். சூளைக்கு விறகு வேண்டாம்.

இதெல்லாம் மின்சாரக் கதைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வீடு சூடாக இருந்தால் ஏசி கேட்கும். ஏசி கேட்கிற வீட்டை நாலு பேனலால் நடத்த முடியாது. குளிர்ந்த வீட்டுக்கு இரண்டு மின்விசிறி போதும்.

தாராபுரம் காயில் கடை:

கட்டடக்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கையால் செய்யும் காற்றாடி எனக்குப் பழக்கம் வந்தது ஒரு பட்டறையில். ஸ்காட்லாந்தில் ஸ்கோரெய்க் என்ற ஊரில் இருக்கும் ஹியூ பிகாட் என்பவர் வகுத்த வடிவம். உலகம் முழுக்கப் பலர் அதைப் பார்த்துச் செய்கிறார்கள். ஆரோவில் பக்கமும் இந்த வகையைச் செய்தவர்கள் உண்டு.

இறக்கையிலிருந்து சொல்கிறேன். கணு இல்லாத, ரேகை நேராக ஓடுகிற லேசான மரம் வேண்டும். நடுப்பக்கம் அகலமாகவும் சாய்வாகவும், நுனிப்பக்கம் ஒடுங்கித் தட்டையாகவும் வர வேண்டும். இழைப்புளியும் உளியும்தான் கருவி. பின்விளிம்பு கத்தி மாதிரி மெலியும் வரை இழைக்க வேண்டும், அங்கே தடித்துவிட்டால் சத்தம் போடும், வேகமும் பிடிக்காது. மூன்று இறக்கையையும் பூட்டிய பிறகு நடுவில் தாங்கி நிறுத்திப் பார்ப்போம். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் சின்ன ஈயத் துண்டைத் திருகிச் சமன் செய்வோம். சமன் வராததை மேலே ஏற்றினால் கம்பமே ஆடும்.

அப்புறம் ஜெனரேட்டர். இரண்டு இரும்புத் தட்டு, அவற்றின் மேல் நியோடிமியம் என்ற மிகவும் வலுவான காந்தங்கள், வடக்கு தெற்கு மாறி மாறி. இரண்டு தட்டுக்கும் நடுவில் தாமிரக் காயில்களை ரெசினில் வார்த்த ஒரு வட்டம். காயில் கட்டுவது எங்கள் தெருவில் யாரும் செய்யக்கூடிய வேலை. மரக் கட்டையில் சுற்று எண்ணிச் சுற்றி, டேப் போட்டு எடுப்போம். பயம் காந்தத்திடம்தான். இரண்டு தட்டும் நெருங்கும்போது நடுவில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். நீளமான போல்ட்டுகளை முறுக்கி முறுக்கி மேல்தட்டை மெல்ல இறக்குவோம். அந்த நேரத்தில் பட்டறையில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

வாலில்தான் எனக்கு மிகவும் பிடித்த சூட்சுமம் இருக்கிறது. வாலைச் சாய்வான கீலில் மாட்டியிருக்கும். காற்று மிதமாக இருக்கும்போது வால் நேராக நின்று இறக்கையைக் காற்றின் பக்கம் திருப்பி வைக்கும். காற்று மிஞ்சினால் தலை ஒரு பக்கம் திரும்ப, வால் மடிந்து மேலே ஏறும், இறக்கை காற்றிலிருந்து விலகிக்கொள்ளும். காற்று தணிந்ததும் தன் எடையிலேயே வால் பழைய இடத்துக்கு இறங்கும். ஸ்விட்ச் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை.

இனி உண்மை நிலவரம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்கு. திருப்பிப் போட்டால், வேகம் பாதியானால் எட்டில் ஒன்றுதான். 2.4 மீட்டர் குறுக்களவு இறக்கை வினாடிக்குப் பத்து மீட்டர் வேகக் காற்றில் 600, 700 வாட் தரும். மூன்று மீட்டர் வேகத்தில் இருபது வாட் வந்தாலே பெரிது, இரண்டு எல்இடி பல்புக்குத்தான் காணும். எங்கள் பக்கம் வைகாசியிலிருந்து ஆவணி வரை நன்றாக ஓடும். மற்ற மாதங்களில் பேனல்தான் வீட்டைக் காப்பாற்றுகிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேகம் மூடி பேனல் மந்தமாகும்போது காற்றாடி அந்தக் குறையை நிரப்புகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வருஷம் முழுக்க ஒப்பேறும்.

அம்பத்தூர் வாசி:

சார், எங்கள் மொட்டை மாடியில் சின்னதாக ஒன்று வைக்கலாமா? பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம் இருக்கிறது.

தாராபுரம் காயில் கடை:

வேண்டாங்க. கட்டடங்களுக்கு நடுவே காற்று சுழன்று சுழன்று வரும், இறக்கை திசை தேடியே களைத்துப்போகும். அதிர்வு தளத்தில் இறங்கி விரிசலும் விடும். சுற்றியிருக்கிற மரம், கட்டடத்தைவிட நன்றாக உயர்ந்த தனிக் கம்பம் வேண்டும், நாலு பக்கமும் இழுவைக் கம்பி போட இடம் வேண்டும். அந்தப் பணத்தில் பேனல் வாங்குங்கள்.

இன்னொன்று, எல்லாருக்கும் சொல்கிறேன். ஓடுகிற காற்றாடியிலிருந்து லோடைப் பிடுங்கக் கூடாது. பேட்டரி நிறைந்துவிட்டால் மிச்ச மின்சாரத்தை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுமை இல்லாமல் தறிகெட்டு ஓடி இறக்கை பிய்ந்து பறக்கும்.

வேதாரண்யம் அக்கா:

கம்பம் பற்றிப் பேசுகிறீர்கள், கடற்கரைக்காரி நான் சொல்கிறேன் தம்பி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை கடந்தது. மாவட்டங்கள் முழுக்க லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை எல்லாம் வேரோடு விழுந்து கிடந்தது. மின்சாரம் திரும்ப வர வாரக்கணக்கில் ஆனது.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சோலார். ஒன்று மாடி வீடு, கூரை நிறையப் பேனல், ஒன்றும் உடையவில்லை. ஆனாலும் இருட்டு. அது மின்வாரியக் கம்பியோடு இணைத்த வகை. லைனில் மின்சாரம் இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, தேவையானதுதான். ஆனால் வாங்கும்போது அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. இன்னொன்று கடலுக்குப் போகிற ஒருவரின் ஓட்டு வீடு. பேனலைக் கயிற்றால் கட்டி முந்தின நாளே இறக்கி வீட்டுக்குள் வைத்திருந்தார். புயல் போன மறுநாள் வாசலில் சாய்த்து வைத்து பேட்டரியில் கொடுத்தார். தெரு முழுக்க அங்கேதான் போனுக்குச் சார்ஜ். வெளியூரில் இருந்த என் மகனிடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னது அந்த வாசலில் நின்றுதான். சின்ன பேனல், ஒரு பழைய பேட்டரி. அதை நான் மறக்க மாட்டேன்.

அதனால் கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கழற்றி இறக்கக்கூடிய பேனலும், படுக்க வைக்கக்கூடிய கம்பமும் வையுங்கள். உப்புக் காற்றில் இரும்பு தாங்காது, துத்தநாகப் பூச்சு இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள்.

செஞ்சிப் பக்கத்து மகள்:

அக்கா சொன்னதைப் படித்து மனசு என்னவோ ஆகிவிட்டது.

எங்கள் அம்மா வீடும் சோலார் விளக்கு உள்ள சின்ன வீடுதான். ஐந்தாவது வருஷம் பேட்டரி இறங்கியது. மாட்டிக் கொடுத்த ஆட்களின் போன் எண் வேலை செய்யவில்லை. தெருவில் பல வீட்டில் இதே கதி, பேனல் மட்டும் கூரையில் இருக்கிறது. பேனல் இருபத்தைந்து வருஷம் வரும், பேட்டரி வராது. ஈய பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், முனையில் வெள்ளையாகப் பூத்தால் துடைக்க வேண்டும். இதை ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால் எங்கள் அம்மாவே செய்திருப்பார்.

ராஜஸ்தான் திலோனியாவில் 1972-ல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி இதைத்தான் பிடித்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் வயரின் நிறத்தைப் பார்த்து, பேட்டரிக்கு மின்சாரத்தை அளவாக ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர் செய்யப் பழகுகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்து கற்றுக்கொண்டு, ஊர் திரும்பி விளக்கேற்றியிருக்கிறார்கள். நம் மகளிர் குழுக்களில் இதற்கு ஆள் இல்லையா? ஊருக்கு இரண்டு பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் பேனல் கொடுப்பதை நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

எங்கள் குழுவில் நாலு குடும்பம் பக்கத்துப் பக்கத்தில் மனை வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் கணக்குப் போட வேண்டும்? யாராவது சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையத்தான்:

தங்கச்சி, கணக்கு இதோ. ஒன்பது வாட் எல்இடி நாலு, ஐந்து மணி நேரம். மின்சாரம் குறைவாக எடுக்கும் முப்பது வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம். டிவி நாலு மணி நேரம், போன் சார்ஜ். எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு யூனிட் அளவில் அடங்கும். பழைய 75 வாட் விசிறி என்றால் இரண்டு யூனிட்டை நெருங்கிவிடும், ஆகவே முதலில் விசிறியை மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் தரும். இன்றைக்குக் கிடைக்கிற 540 வாட் பேனல் ஒன்றே ஒரு வீட்டுக்குப் போதும், மேக நாளுக்கும் கொஞ்சம் கை கொடுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதி வரைதான் எடுக்கலாம், அதுவே ஏறக்குறைய ஒரு யூனிட்.

வாரியக் கம்பி வாசல் வரை வந்திருந்தால் 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் என்ற மத்திய அரசின் கூரை சோலார் திட்டத்தையும் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் வேதாரண்யம் அக்கா சொன்னதுபோல அது லைன் போனால் நிற்கும் வகை. விளக்குக்கும் விசிறிக்கும் சின்ன பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் கட்டடக்காரர்:

நாலு மனையும் ஒட்டி இருந்தால் பொதுச் சுவர் வைக்கலாம், செங்கல் இன்னும் குறையும். மண் கல் அறுப்பதாக இருந்தால் முதலில் மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள், களி அதிகமாக இருந்தால் மணல் சேர்க்க வேண்டும். ஐப்பசிக்குள் கல்லை அடுக்கி மூடிவிடுங்கள், அடைமழையில் பச்சைக் கல் கரைந்துவிடும். மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். கூரையின் தெற்குப் பக்கம் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேனல் அங்கேதான் வரும். வரைபடம் போட்டதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.