முதலில் வந்த படகுகளின் எடைச் சீட்டு மட்டும் காணவில்லை: ரேபிட்எம்கியூ வரம்பை எவ்வளவு வைப்பது?

மண்டபம்வாசி:
மண்டபத்தில் மீன் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனிக்கு சர்வர் பார்க்கிறேன். விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி, டவர் கிடைக்காதபோது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு கரை நெருங்கியதும் மொத்தமாகக் கொட்டும். மெசேஜ்களை வரிசையில் வைத்து அடுத்த ப்ரோகிராமுக்குக் கொடுக்கும் ரேபிட்எம்கியூவில் ஒரு கியூவுக்கு (வரிசைக்கு) அது வருகிறது; இறங்குதளத்தில் டேப்லெட்டில் போடும் எடைச் சீட்டும் அதே கியூவுக்குத்தான் வருகிறது. சாதாரண கிளாசிக் வகைக் கியூ, மேக்ஸ்-லெங்த் (அதில் நிற்கக்கூடிய மெசேஜ் வரம்பு) 10,000. படகெல்லாம் ஒருசேரத் திரும்பும் விடியலில், முதலில் கரை சேர்ந்தவர்களின் சீட்டு மட்டும் கணக்கில் ஏறுவதில்லை. லாகில் ஒரு எரர்கூட இல்லை. வரம்பை 1 லட்சமாக்கினால் தீருமா?

தொண்டிக்காரன்:
தீராது தம்பி, தள்ளித்தான் போகும். வரம்பு நிறைந்தால் ரேபிட்எம்கியூ இயல்பாகச் செய்வது ட்ராப்-ஹெட், அதாவது வரிசையில் முன்னால் நிற்கும் பழைய மெசேஜைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். பின்னால் வரும் படகுகளின் ஜிபிஎஸ் கொட்டக் கொட்ட, முதலில் வந்தவரின் சீட்டு வெளியே போகிறது. இரண்டையும் தனித்தனி கியூவாக்குங்கள். நேற்றைய ஜிபிஎஸ் யாருக்கு வேண்டும், அதற்கு ட்ராப்-ஹெட் போதும். சீட்டுக்கு ஓவர்ஃப்ளோவை (வரம்பு நிறைந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை) ரிஜெக்ட்-பப்ளிஷ், அதாவது புதிதாக வருவதை நிராகரி என்று வையுங்கள், ஆனால் அனுப்பும் பக்கம் பப்ளிஷர் கன்ஃபர்ம் (வந்து சேர்ந்ததா என்று சர்வர் பதில் சொல்வது) போட்டு, நாக் (ஏற்கவில்லை என்ற பதில்) வந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் நிராகரித்ததும் யாருக்கும் தெரியாது, இப்போதைய கதைதான்.

கீழக்கரை_சர்வர்:
அண்ணன் சொன்னது சரி. வரம்பைப் பாலிசியில் (சர்வரில் கியூக்களுக்கு வைக்கும் விதியில்) வையுங்கள், கோடில் வேண்டாம். கோடில் இருக்கும் எண்ணை மாற்றி அதே கியூவை டிக்ளேர் செய்தால் (மறுபடி உருவாக்கச் சொன்னால்), பழைய அமைப்போடு பொருந்தவில்லை என்று 406 எரர் திருப்பி அடிக்கும். இரண்டு இடத்திலும் இருந்தால் எது சிறியதோ அதுதான் செல்லும், பாலிசியில் ஏற்றியும் ஏன் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இன்னொன்று, வரம்பு ரெடி மெசேஜை, அதாவது இன்னும் யாருக்கும் கொடுக்காமல் கியூவில் காத்திருப்பதை மட்டுமே எண்ணும். கன்ஸ்யூமர் (மெசேஜை எடுத்து வேலை செய்யும் ப்ரோகிராம்) கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஆக் (முடித்துவிட்டேன் என்ற பதில்) அனுப்பாதது கணக்கில் வராது, அதனால் ப்ரீஃபெட்ச்சுக்கும் (ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய அளவுக்கும்) ஒரு எண் கொடுங்கள்.

மண்டபம்வாசி:
புரிந்தது, இன்றைக்கே பிரிக்கிறேன். இனி தவறினால் காலையில் ஏலத்தில் சண்டை வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும், எதைக் கண்காணிப்பது?

கீழக்கரை_சர்வர்:
கண்காணிப்பு எண்களைச் சேகரிக்கும் ப்ரோமிதியஸுக்கு ரேபிட்எம்கியூவில் ஒரு ப்ளகின் இருக்கிறது, போர்ட் 15692. சும்மா எடுத்தால் எல்லாக் கியூவுக்கும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் வரும், கியூ வாரியாக வேண்டுமென்றால் பெர்-ஆப்ஜெக்ட் முகவரியில் எடுங்கள். ரெடி, அன்ஆக்ட் (ஆக் வராதவை) இரண்டுக்கும் தனித்தனி அலாரம், கன்ஸ்யூமர் எண்ணிக்கை 0 ஆனால் உடனே ஒன்று. ஜிபிஎஸ் கியூவுக்கு ஒரு டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சும் (தள்ளிய மெசேஜை வேறு கியூவுக்குத் திருப்பிவிடும் வழி) அதற்கு ஒரு கியூவும் கட்டிவிட்டால், வரம்பு மீறித் தள்ளியதெல்லாம் மேக்ஸ்லென் (வரம்பு மீறல்) என்ற காரணத்தோடு அங்கே போய் விழும், எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கியூவுக்கும் ஒரு வரம்பு போட மறக்காதீர்கள்.

தொண்டிக்காரன்:
டிஸ்க்கையும் பாருங்கள். காலி இட எச்சரிக்கை இயல்பில் 50 எம்பிதான், அது ஒரு பாதுகாப்பே இல்லை, ஜிபி கணக்கில் ஏற்றுங்கள். மெமரி அலாரமோ டிஸ்க் அலாரமோ அடித்தால் அனுப்பும் இணைப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடும், ஜிபிஎஸ், சீட்டு என்று பிரித்துப் பார்க்காது.