மறையூர்ச் சர்க்கரையும் வியாழக்கிழமை ஏலமும்

மறையூர்க் கரும்புக்காரன்:
ஊர்ப் பேரை நம்பித் தொழில் செய்தவர்கள் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். கேரளத்து இடுக்கி மாவட்டத்து மறையூரில் எங்களுக்குக் கரும்பு ஆலை. தோட்டத்திலேயே கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சுகிறோம்; எங்கள் பக்கம் அதைத்தான் சர்க்கரை என்போம். பிழிந்த சக்கையை உலர்த்தி அதையே அடுப்புக்குத் தள்ளுவோம். சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையோடு மேலே வரும், அதை வழித்துக்கொண்டே இருக்கணும். பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறும் முன்னே கையால் உருட்டணும். எங்கள் உருண்டையைத் திருப்பிப் பாருங்கள், விரல் தடம் தெரியும். நிறம் கருஞ்சிவப்பு. நாக்கில் உப்புக் கரிக்காது.

2019 மார்ச்சில் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பேரை இந்த ஊர்ச் சரக்குக்கு மட்டுமே வைக்கலாம் என்கிற அரசுப் பதிவு, கிடைத்தது. அதற்குப் பிறகும் ஒரு டவுன் கடையில் மஞ்சள் வெல்லத்தை எங்கள் ஊர்ப் பேரில் விற்றார்கள். கேட்டதற்கு, "இதுதான் விலை கம்மி, இதைத்தான் கேக்கறாங்க" என்றார் கடைக்காரர். வயிறு எரிந்தது. மறுவாரமே ஆலை வாசலில் மேசை போட்டேன். பக்கத்து மலையூரான காந்தளூர் போகிற வண்டிகள் நிற்கின்றன. பிள்ளைகள் இளஞ்சூட்டுப் பாகை வழித்துத் தின்றுவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் என்னிடம் பேரம் பேசியதில்லை.

காந்தளூர்ப் பெண்:
அண்ணா, நேரில் வந்து வாங்குவதில் இருக்கிற பலத்தை நான் மறையூர் 'சில்ல' சந்தையில் பார்த்தேன். மலைக்குடிகளின் விளைச்சலுக்காக வனத்துறை வியாழக்கிழமைகளில் நடத்தும் ஏலம் அது. முன்பெல்லாம் வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டு, தான் சொன்ன விலைக்கே எல்லாவற்றையும் எடுத்துப் போவார். கடன் அடைந்ததா என்று வாங்கிய மலைக்குடிகளுக்கே தெரியாது. ஒரு வியாழன், முதுவர் என்ற மலைக்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் புல்தைலக் கேனை, அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெய்க் கேனை, தோளில் சுமந்து இறங்கி வந்தார். இரண்டு பேர் போட்டி போட்டு விலையை ஏற்ற ஏற்ற, கேனின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றவர் என்னிடம் குனிந்து, "இது நம்ம தைலத்துக்கா பிள்ளே?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

உடுமலை வாசகர்:
அண்ணா, நாங்கள் பத்துக் குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம். எந்த மாதம் வந்தால் காய்ச்சுவதைப் பார்க்கலாம்?

மறையூர்க் கரும்புக்காரன்:
வருஷம் பூரா காய்ச்சுவோம் தம்பி. மழை பிடித்துக்கொண்டால்தான் சக்கை காயாமல் அடுப்பு நிற்கும். புறப்படும் முன் ஒரு போன் போடுங்கள், உங்களுக்காகக் கொப்பரை ஏற்றி வைக்கிறேன். காலையிலேயே வந்துவிடுங்கள், உருட்டும் நேரத்தைத் தவறவிடக் கூடாது.