அங்கோர் வாட் போறதுக்கு முன்னாடி நெட்ல எதையெல்லாம் பார்த்து வைக்கணும்? அம்மாவுக்கு முட்டி வலி

கோவை_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரில அம்மாவ கூட்டிட்டு கம்போடியா போலாம்னு இருக்கோம், அங்கோர் வாட் பாக்கணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. அறுபத்தஞ்சு தாண்டிருச்சு, மெதுவா நடப்பாங்க, படின்னாதான் பயம். ரீல்ஸ்ல பார்த்தா சூரிய உதயம், ட்ரோன் ஷாட், பின்னாடி ஒரு புல்லாங்குழல், அவ்ளோதான். எவ்ளோ தூரம் நடக்கணும், படி எப்படி இருக்கும், நிழல் இருக்கான்னு ஒருத்தனும் காட்ட மாட்டேங்கறான். இங்க உக்காந்தே இதெல்லாம் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

ஊர்சுற்றி:
ப்ரோ மொதல்ல ரீல்ஸ மூடுங்க, கூகுள் மேப்ஸ கம்ப்யூட்டர்ல தொறங்க. 2014லயே அங்கோர் கோயில்களுக்குள்ள கேமராவோட நடந்து ஸ்ட்ரீட் வியூ (நாமளே அங்க நின்னு சுத்தி பாக்கற மாதிரி படம்) எடுத்து போட்டுருக்காங்க. மேப் ஓரத்துல இருக்கற மஞ்ச பொம்மைய இழுத்து மேற்கு வாசல்ல விட்டுட்டு அப்படியே உள்ள நடந்து பாருங்க, பாதி கேள்விக்கு பதில் கிடைச்சுரும். தூரத்துக்கு மேப்ல ரைட் கிளிக் பண்ணா அளக்கற ஆப்ஷன் வரும். அகழிய தாண்டவே கிட்டத்தட்ட 190 மீட்டர், அதுக்கப்புறம் உள்ள இன்னொரு 350 மீட்டர் கல்லு பாதை, மொட்ட வெயில். கிழக்கு வாசல்லயும் ஒரு தடவ பொம்மைய விட்டு பாருங்க, அது மரத்துக்கு நடுவுல போற மண் பாதை, கூட்டமும் கம்மி, அம்மாவுக்கு அதுதான் சரி.
அப்புறம் நடு கோபுரத்துக்கு கீழ இருக்கற உச்சி அடுக்கு, பாக்கான்னு சொல்லுவாங்க, பழைய கல்லு படி செங்குத்தா இருக்கும்ங்கறதால மேல மரப்படி போட்டு கைப்பிடி வச்சுருக்காங்க, அப்பவும் ஏணி மாதிரிதான். அதுக்கு அம்மாவ ஏத்தாதீங்க. புத்த மத விசேஷ நாள்ல அத மூடியும் வைப்பாங்க, தேதி பார்த்துக்கோங்க. ஏறலன்னா ஒண்ணும் நஷ்டம் இல்ல, ஏன்னா விஷயமே கீழ வெளிப்பிரகாரத்துலதான் இருக்கு (அதுக்கும் கொஞ்சம் படி உண்டு, சமாளிக்கலாம்). மேற்கு பக்கம் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும், கிழக்கு பக்கம் பாற்கடல் கடையறது, அது மட்டுமே 49 மீட்டர் நீளம். வால் பக்கம் தேவர்கள், தலை பக்கம் அசுரர்கள் வரிசையா பாம்ப புடிச்சு இழுத்துட்டு நிப்பாங்க. கத தெரிஞ்ச அம்மாங்கள அங்கருந்து கிளப்பறதுதான் கஷ்டம்.

வானதி_டிராவல்ஸ்_இல்ல:
போட்டோ பாக்கறப்போ மேப்ஸ் ரிவ்யூவ புதுசு மேல வர்ற மாதிரி மாத்திட்டு பாருங்க, சும்மா போனவங்க எடுத்த போட்டோதான் உண்மைய சொல்லும். சூரிய உதயத்துக்கு அந்த வடக்கு குளத்துல கோபுரம் தலைகீழா தெரியுமே, ரீல்ஸ்ல ஈ காக்கா இருக்காது, ரிவ்யூ போட்டோல முழுக்க போன் தூக்கின கையும் பின்னந்தலையும்தான்.
பழைய ப்ளாக் படிக்கறப்போ தேதி பாருங்க ப்ளீஸ். சியாம் ரீப் (அங்கோர் பக்கத்துல நாம தங்கற ஊர்) ஏர்போர்ட்டே 2023 அக்டோபர்ல மாறிருச்சு. பழசு ஊர ஒட்டி இருந்துச்சு, புதுசு 40 கிலோமீட்டருக்கு மேல. "ஏர்போர்ட்லருந்து ஹோட்டல் பத்து நிமிஷம்"னு எவனாவது எழுதிருந்தா அது பழைய கத, மத்த விவரத்தையும் நம்பாதீங்க. கோயில் டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62. முட்டி வலின்னா மூணு நாள் எடுங்க, தொடர்ந்து போகணும்னு இல்ல, 10 நாளுக்குள்ள எப்ப வேணா போலாம், நடுவுல ஒரு நாள் ரெஸ்ட் விடலாம்.
பாந்தே ஸ்ரேய விட்றாதீங்க. 967ல கட்டுன சிவன் கோயில், சின்னது, பெருசா ஏற எறங்க வேண்டியது இல்ல, சிவப்பு கல்லுல செதுக்கல் மரவேல மாதிரி இருக்கும். டுக் டுக்ல ஒரு மணி நேரம் ஆகும்.

சும்மா_ஒரு_ஆள்:
எல்லாத்தையும் இங்கயே பார்த்துட்டா அங்க போய் என்னத்த பாக்கறது? நாங்கல்லாம் ஒண்ணுமே பாக்காமதான் போனோம், அதுலதான் கிக்கே.

ஊர்சுற்றி:
அண்ணே உங்க முட்டி நல்லா இருக்கு, பேசறீங்க. பாற்கடல போய் பாக்கட்டும், படிய இங்கயே பாக்கட்டும்.

வானதி_டிராவல்ஸ்_இல்ல:
ஒண்ணு விட்டுட்டேன். இ-விசான்னு தேடுனா மேல வர்றதுல பாதி ஏஜென்ட்டோட விளம்பரம், பாக்க கவர்மென்ட் சைட் மாதிரியே இருக்கும், காசு மட்டும் டபுள். அட்ரஸ் கடைசில டாட் ஜிஓவி டாட் கேஎச்னு முடியுதான்னு பார்த்துட்டு கார்டு நம்பர போடுங்க. நாட்டுக்குள்ள வர்றதுக்கு நெட்ல நிரப்பற இ-அரைவல் ஃபார்ம் தனி, அது ஃப்ரீ, அதுக்கு எவன் காசு கேட்டாலும் குடுக்காதீங்க.

கோவை_குமரன்:
செம, ரொம்ப தேங்க்ஸ். நேத்து நைட் அம்மாவயே உக்கார வச்சு கிழக்கு வாசல் வழியா உள்ள கூட்டிட்டு போனேன், "இவ்ளோதானா, நடந்துருவேன்"னுட்டாங்க. இப்ப அவங்க கேக்கறது சாப்பாடு, சுத்த சைவம்.

ஊர்சுற்றி:
சியாம் ரீப்ல இந்தியன் ஹோட்டல் இருக்கு, மேப்ஸ்ல மெனு போட்டோ பார்த்து ரெண்டு மூணு சேவ் பண்ணிக்கோங்க. உள்ளூர் கடைல காய்கறின்னு சொன்னாலும் மீன் சாஸ் ஊத்திருவாங்க, பிரஹோக்னு மீன் விழுது வேற உண்டு. "மீன் சாஸ், பிரஹோக், முட்ட எதுவும் வேணாம்"னு டிரான்ஸ்லேட் ஆப்ல அவங்க கெமர் பாஷைல மாத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, நெட் இல்லன்னாலும் காட்டலாம்.