தொண்டிக் கடலில் பார்த்த கடல் பசு

மீன் லோடு எடுக்க மதுரையிலிருந்து சிவகங்கை, திருவாடானை வழியாகத் தொண்டிப் பக்கம் போய்வருவது என் தொழில். டால்பின்களைக் கரையில் நின்றே பார்த்திருக்கிறேன். கடல் புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டியான கடல் பசுவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் வலைக்குள்.

அன்றைக்கு ஏலம் தள்ளிப்போனது. பழக்கமான சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) ஒருவர், "சும்மா உக்காந்திருக்கறதுக்கு வாங்கண்ணே, வலையை எடுத்துட்டு வந்துரலாம்" என்று வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். அங்கே கடல் ஆழம் குறைவு. தண்ணீர் தெளிந்திருந்தால் அடியில் கடல் புல் படுத்துக் கிடப்பது தெரியும். வலையைப் பாதி இழுத்திருப்பார்கள், திடீரென்று கனத்துவிட்டது. முதலில் கேட்டது மூச்சுச் சத்தம்தான், மனிதர் பெருமூச்சு விடுவதைப் போலவே. அப்புறம் சாம்பல் நிற முதுகு, அதில் பழைய கீறல்கள், தடித்த மேலுதடு. வாலில் வலை முறுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்தப் பக்கம் நகராதீங்க, வள்ளம் சாயும். இது மேல வந்து மூச்சு வாங்கணும். பத்து நிமிசம் உள்ள நின்னா முடிஞ்சுரும்" என்று சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார். யாரும் யோசிக்கவில்லை. தலைப்பக்கம் ஒருவர் வலையைத் தூக்கிப் பிடித்தார், இன்னொருவர் வால் பக்கம் அறுத்தார். விடுபட்டதும் அது அவசரப்படவில்லை. இன்னொரு மூச்சு வாங்கிவிட்டு மெதுவாக இறங்கிப் போனது. கடல் பசுவை விடுவிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினால் வனத்துறை சன்மானம் தருகிறது. ஆனால் அன்றைய பாடு, அதாவது அன்றைக்குக் கிடைக்க வேண்டிய மீன், போனது போனதுதான். கிழிந்த வலையோடு கரைக்கு வந்தவர்கள் முகத்தில் அதைப் பற்றிய புலம்பல் இல்லை. நான் அவர்களை மிகவும் மதிக்கிறேன்.

கடல் பசு ஒரு குட்டி போட்டால் அடுத்ததற்குச் சில வருஷங்கள் ஆகும். வயிற்றில் சுமப்பதே ஒரு வருஷத்துக்கு மேல். அதனால் ஒன்று செத்தாலும் அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. ஒரு காலத்தில் ராமநாதபுரம் கரையில் இதன் கறியை விற்றிருக்கிறார்கள். இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோடு நின்றுவிடுகிறது. தொண்டி அதற்குத் தெற்கே. புல் தொடர்ந்து இருக்கிறது, அந்த உயிரும் புல்லைப் பின்தொடர்ந்துதான் மேயும். காப்பகத்தைத் தெற்கே நீட்டத்தான் வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் வைகை கடலில் போய்ச் சேரும் இடம் ஆற்றங்கரை என்ற ஊர், அதே பாக் விரிகுடா. வெள்ளம் வரும் வருஷத்தில் நாம் ஆற்றில் கொட்டியதெல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது. இழுவை மடி (விசைப்படகு இழுத்துப் போகும் வலை) கடலடியை வாரிக்கொண்டு போனால் புல் வேரோடு போகும், அது வேறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிட்டது என்று என்னிடம் சண்டை பிடிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அந்த இரண்டு மாதம் கடலுக்குக் கிடைக்கும் மூச்சு என்று அவர்களிடம் பொறுமையாகவே சொல்கிறேன்.

திமிங்கலத்தை நான் பார்த்ததில்லை. மன்னார் வளைகுடாதான் ஆழம், பெரியவை அந்தப் பக்கம். உடன்குடியில் இருக்கும் என் சகலை 2016 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, மணப்பாடு கரைக்குப் போயிருக்கிறார். மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் வரை பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கிய சமயம் அது. மீனவர்கள் கயிறு கட்டி வள்ளத்தில் இழுத்துக் கடலுக்குள் விட்டார்கள், பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன என்றார். அவை குடும்பமாக வாழ்பவை, கூட்டத்தில் ஒன்று நலிந்தால் மற்றவை விட்டுப் போகாது. பல செத்து, ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மேலே ஏறி நின்று படம் எடுத்ததைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. இப்படி ஒதுங்கியதைப் பார்த்தால் ஈரத்துணி போட்டு உடம்பை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது, வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

1973-லும் இதே மணப்பாட்டுக் கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. அதைச் சின்ன வயதில் நேரில் பார்த்தவர்கள் இன்று அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். உங்கள் வீட்டில், உறவில் அப்படி யாராவது இருந்தால் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.