விடிகாலை எழுத்து, மூன்று பூனைகள்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அரைப்பக்கம் (பெரம்பூர்):
இங்கே ரயில்வேயின் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்த ஒரு குடும்பத்தை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி தாண்டிவிட்டது. ஆபீஸ், வீட்டு வேலை எல்லாம் போக எனக்கென்று கிடைப்பது காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மூன்று பூனைகளுக்கும் பேய் பிடிக்கும். எழுந்தவுடன் சாப்பாடு வைத்துவிடுகிறேன், அப்படியும் செம்பட்டைக் கடுவன் லேப்டாப்பில் கை வைக்கிற இடத்தில் ஏறி, பின்பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். தூக்கி இறக்கினால் மறுபடி ஏறுகிறான். இப்போதெல்லாம் நாலு மணிக்கே கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே விட்டுச் சாத்தினால் போடுகிற கூச்சலில் பக்கத்து போர்ஷனில் விளக்கு எரிகிறது. நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 வார்த்தைக்கு ஒரு நாவல் எழுதுகிற சவால் என்று எழுதுவார்களே, அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு நாளைக்கு 1,667 என்று வைத்துக்கொண்டேன், கிட்டே கூடப் போக முடியவில்லை. அதுவும் ஒரு அத்தியாயத்தை முடித்த மறுநாள் சுத்தமாக ஓடாது, பூனையைத் தடவிக்கொண்டே ஏழு மணி ஆகிவிடும். பூனை வளர்த்துக்கொண்டு எழுதுகிறவர்கள் சொல்லுங்கள். (யாருக்காவது கொடுத்துவிடு என்று மட்டும் வேண்டாம், அதை அம்மாவே தினம் சொல்கிறார்.)

மீன்கூடை:
எழுந்தவுடன் சாப்பாடு வைப்பதுதான் சிக்கல். நீங்கள் கண் விழித்தால் சோறு வரும் என்று தெரிந்துவிட்டது, அப்புறம் உங்களை எழுப்புவதுதானே அவர்கள் வேலை? நாலுக்கு மசிந்தால் அடுத்து மூன்றரைக்கு வருவார்கள். பூனை விடியலிலும் அந்தியிலும்தான் துறுதுறுவென்று இருக்கும், அதை மாற்ற முடியாது, நாம்தான் அதற்குத் தோதாக நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். வேட்டையாடும், தின்னும், உடம்பை நக்கும், தூங்கும், இதுதான் அதன் வரிசை. அதனால் நீங்கள் எழுந்து பல் தேய்த்து காபி போட்டுக்கொண்டு, ஒரு குச்சியில் துணிக் கிழிசலைக் கட்டிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், மூச்சு வாங்கிப் படுக்கிற வரை. சாப்பாடு அதற்கப்புறம்தான். தின்றுவிட்டு முன்னங்காலை நக்க ஆரம்பித்தால் நீங்கள் மேஜைக்குப் போகலாம். நாலு மணிப் பிறாண்டலுக்கு எழுந்து திட்டக்கூடக் கூடாது, திட்டு வாங்குவதும் அவர்களுக்கு லாபம்தான். முதல் சில நாள் கூச்சல் கூடும், அசையாதீர்கள், பக்கத்து போர்ஷனில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

விளையாடி முடித்ததும் கயிறு, நூல் எதையும் கீழே விடாதீர்கள், விழுங்கினால் குடலைச் சுருட்டிக்கொண்டு ஆபரேஷன் வரை போகும். நெத்திலி போடுகிறீர்கள் என்றால் பச்சையாக வேண்டாம், அதில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினைக் கெடுக்கும். உப்பில்லாமல் வேகவைத்துப் போடுங்கள்.

பழைய ரெமிங்டன்:
பூனை மேல் பழியைப் போடாதீர்கள் அம்மா. அத்தியாயம் முடித்த மறுநாள் ஓடவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பூனை தினமும்தானே ஏறுகிறது? முடித்துவிட்டு எழுந்திருப்பதுதான் கோளாறு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்று ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார், அவர் க்யூபா வீட்டிலும் பூனைகள் டஜன் கணக்கில்தான் திரிந்தன, விடிந்ததும்தான் அவரும் எழுதுவார். உங்கள் கதையில் ஒருவன் சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்ட ஓடுகிறான் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடி வைத்துவிடுங்கள், மறுநாள் அவனே உங்களை இழுத்துக்கொண்டு போவான். அப்புறம் அந்த 1,667. அது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் போட்ட கணக்கு, அவர்கள் நாலைந்து வார்த்தையில் சொல்வது நமக்கு உருபெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டில் அடங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு 500 தாராளம். அளவைவிட நாள் தவறாமல் இருப்பதுதான் முக்கியம். ஜெயமோகன் மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதிய வெண்முரசை 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை தினம் ஒரு அத்தியாயமாக இணையத்தில் போட்டு 26 நாவல் முடித்தார், அந்த வேகம் நமக்கு வராது, வரவும் வேண்டாம், ஆனால் தொடர்ந்து உட்கார்ந்தால் கை எப்படிப் பழகுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

மாடிப்படி (மேற்கு மாம்பலம்):
கடுவன் வருவது சூட்டுக்காகத்தான். நமக்கு வியர்க்கிற 30 டிகிரிக்கு மேல்தான் அதற்குச் சுகம். லேப்டாப்பை ஒட்டி, அதே உயரத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய நைட்டியை உள்ளே விரித்துவிடுங்கள். என் வீட்டில் மார்கழியில் அற்புதமாக வேலை செய்யும், கத்திரி வெயிலில் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாத்ரூம் தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும், அப்போது பிரச்சினையே இல்லை. தனியாகக் கீபோர்டு வாங்கி மேஜைக்கடியில் இழுக்கிற பலகையில் வைத்துக்கொள்வதும் நல்லது, ஏறி உட்கார இடமே இருக்காது.

அரைப்பக்கம்:
ரெமிங்டன் சார், சுருக்கென்று இருந்தது, நியாயம்தான். 500க்கு இறங்கிவிட்டேன், நாளைக்கு நடு வாக்கியத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். மீன்கூடை, அந்தப் பத்து நிமிட விளையாட்டு சரி, ஆனால் மூன்றில் கிழவி ஒருத்தி, ஓடமாட்டாள், பசி மட்டும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும். நேரம் வைத்தால் தானாகத் திறக்கிற தட்டு விற்கிறார்களே, அது கரண்ட் போனால் வேலை செய்யுமா?

மீன்கூடை:
பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் உலர்தீவனம்தான் வைக்க வேண்டும், மீனை வைத்தால் எறும்பு மொய்த்துவிடும். கிழவிக்குத் தனியாக, மற்ற இரண்டும் எட்டாத இடத்தில்.