மதுரையிலிருந்து ஆளில்லாத தீவுக்கு ஒரு நாள் படகுப் பயணம், எங்கே போகலாம்?

தெப்பக்குளத்தான்:
பள்ளி திறப்பதற்கு முன்னால், மே கடைசியில் ஒரு நாள் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும். ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் பார்த்தாயிற்று, கூட்டம் தாங்கவில்லை. கடையோ ஓட்டலோ எதுவும் இல்லாத தீவாக, காலையில் படகில் இறக்கிவிட்டு சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? மேப்பில் பார்த்தால் மண்டபத்திலிருந்து வரிசையாகத் தீவுகள் தெரிகின்றன. புளியோதரை கட்டிக்கொண்டு போய், குளித்து, சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று திட்டம். பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் மூன்று, அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு படகுக்காரர் "எந்தத் தீவுன்னாலும் இறக்கிவிடுறேன் சார்" என்று போனில் சொல்கிறார். நம்பலாமா?

பாம்பன்கரை:
நம்பாதீங்க அண்ணே. அந்தத் தீவுகள் எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, 1986-இல் அறிவித்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கினால் வழக்குதான், குடும்பத்தோடு போய் அந்த வம்பு எதற்கு? மொத்தம் 21 தீவு என்று இன்னும் சொல்கிறோமே தவிர, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் எப்போதோ கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் அதுதான், எனக்கென்னவோ இன்னும் முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

முறையாகப் போக குருசடைத் தீவு இருக்கிறது. பாம்பன் பாலம் இறங்கியதும் வலது பக்கம் திரும்பினால் குந்துகால், விவேகானந்தர் மணிமண்டபம் இருக்கிற இடம். அங்கிருந்து வனத்துறையே படகு விடுகிறது. கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நாள் முழுக்க அங்கே பாய் விரித்துப் படுக்க முடியாது.

வலைக்காரர் மகன்:
மேலே சொன்னது சரி, ஆனால் மே கடைசியில் குருசடைக்குப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, எழும்புகிற நேரம் அது. அந்த மாதங்களில் பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் தெற்கே தென்கடலில் அலை வெள்ளை வெள்ளையாக மடிந்துகொண்டிருக்கும், அப்படியே திரும்பி வடக்கே பார்த்தால் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் தலைகீழ். குருசடை இருப்பது தென்கடலில். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், மதுரையிலிருந்து மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தோம் என்று சொன்னாலும் எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. முந்தின நாள் ஒரு போன், அன்று காலை கிளம்புமுன் இன்னொரு போன்.

மே மாதத்துக்கு என்றால் நான் காரங்காடுதான் சொல்வேன். தேவிபட்டினம் தாண்டி தொண்டி போகிற கடற்கரைச் சாலையில் வரும். தீவு இல்லை, வடகடல் ஓரத்து அலையாத்திக் காடு. வேர்களுக்கு நடுவே படகு போகும், பிள்ளைகளுக்குப் பயம் இருக்காது. குருசடையைத் தை, மாசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

பரமக்குடி மருமகள்:
அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே! நடப்பதுகூடப் பரவாயில்லை, படகில் ஏறுவதுதான் சிரமம். ஒரு கால் கரையில், ஒரு கால் படகில் இருக்கும்போது படகு ஒரு சாண் விலகும் பாருங்கள், அந்த நொடிதான். என் மாமியாரை ஆளுக்கொரு கையாக இரண்டு பேர் பிடித்து, படகு மேலே எழும்பும் நேரம் பார்த்து உள்ளே இழுத்தார்கள். முட்டி வலிக்காரர்கள் குந்துகால் கரையிலேயே உட்கார்ந்திருப்பது உத்தமம், காற்றும் நன்றாக இருக்கும்.

புளியோதரையை வண்டியில் வையுங்கள், திரும்பி வந்து சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் கையில் இருக்கட்டும், தீவில் வாங்க முடியாது. கழிவறை வேலையை ராமநாதபுரத்திலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் பிள்ளைகளின் டவுசர் பாக்கெட்! எங்கள் வீட்டுப் பையன் வெள்ளை வெள்ளையாகக் கல் என்று பொறுக்கி வைத்திருந்தான். அத்தனையும் செத்த பவளம். படகில் ஏறுமுன் காவலர் தம்பி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மணலில் கொட்டச் சொல்லிவிட்டார். செத்த பவளமானாலும் எடுத்து வரக்கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது.

தெப்பக்குளத்தான்:
எல்லோருக்கும் நன்றி. சரி, மே மாதம் காரங்காடு, குருசடை தை மாதம். படகுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று, கச்சத்தீவுக்குப் போகலாம் என்று மச்சான் சொல்கிறார், அது எப்படி?

பாம்பன்கரை:
மச்சானிடம் அது 1974-லிருந்து இலங்கையிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். மாசி, பங்குனி வாக்கில் அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், முன்கூட்டியே பதிவு செய்தவர்களை ராமேஸ்வரத்திலிருந்து படகில் கூட்டிப்போவார்கள். ராத்திரி அங்கேயே தங்கல், குடிதண்ணீர் கிடையாது. மச்சான் தனியாகப் போய்வரட்டும்.